சேகரிக்கப்படலாம்

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். போட்டித் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போயிருந்தேன். பெயர் கேட்கும் கட்டத்தில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டியதும் கீழே வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. அடுத்த கட்டத்தில் ஒன்பது என்று தட்டினால் கைபேசி எண்கள். எல்லாம் எனக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனவர்களுடையவை. தேடும் இடத்தில் ‘நா’ என்று ஆரம்பித்தேன். நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது என்று யாரோ தேடியிருந்தது வந்து நின்றது. அதற்குக் கீழே, தேனியில் பெண் மருத்துவர் யார் என்று இன்னொரு தேடல்.

கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். “அதெல்லாம் கண்டுக்காதீங்க தம்பி. முன்னாடி வந்தவங்களோடது. அதுவா வரும்.”

கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இந்த ஊரில் யார் வீட்டுக்கு எந்த வண்டி வந்தது என்பதே சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் கேட்க முடியாத கேள்வியை ஒருவர் நம்பிப் போய்ச் சொன்ன இடம் அந்தப் பெட்டி. அது என்னிடம் சொல்லிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை என்பது என் நல்ல குணம் மட்டும்தான், அந்தப் பெண்ணுக்கு இருந்த பாதுகாப்பு இல்லை.

‘அதுவா வரும்’ என்ற அந்த இரண்டு சொற்கள் அன்றிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரையே அவற்றைப் பற்றித்தான்.

எதுவும் அதுவாக வருவதில்லை. நாம் தட்டியதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி உலாவியை யாரோ எழுதியிருக்கிறார்கள். இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு மறதி அதிகம். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் நீங்கள் யார் என்பதை அது மறந்துவிடும். அந்த மறதிக்கு மருந்தாக 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி கண்டுபிடித்ததுதான் குக்கீ. கடைக் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்திலும் கூடையிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. பிறகு விளம்பர நிறுவனங்கள் அதைக் கையில் எடுத்தன. ஆயிரம் தளங்களில் ஒரே நிறுவனத்தின் நிரல் உட்கார்ந்திருந்தால், ஆயிரம் இடங்களிலும் அதே ஆளை அது அடையாளம் கண்டுகொள்ளும். செய்தித் தளத்தில் பார்த்த செருப்பு சமையல் குறிப்புத் தளத்துக்கும் பின்னாலேயே வருவது இப்படித்தான்.

குக்கீயை அழித்தாலும் தப்பிவிட முடியாது. திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், எந்த மொழியில் பக்கங்கள் வேண்டும் என்ற விருப்பம் ஆகியவற்றை உலாவியிடமிருந்து தளங்கள் தெரிந்துகொள்ள முடியும். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால் கைரேகை மாதிரி. அரிதான தேர்வு எதுவோ அது கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். உலாவியின் மொழியைத் தமிழ் என்று வைத்திருக்கும் நானும் நீங்களும் ஆங்கிலத்தில் வைத்திருப்பவரைவிடச் சிறிய கூட்டம். மொழிப்பற்றும் ஓர் அங்க அடையாளம்தான்.

உலாவி என்ற சொல் வேடிக்கையானது. நம் சிற்றிலக்கியங்களில் உலா என்று ஒரு வகை உண்டு. பாட்டுடைத் தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்கள் அவனைப் பார்த்து உருகுவார்கள். உலா வருபவன் அரசன், வயது வாரியாகப் பிரித்து அடுக்கப்படுவது வேடிக்கை பார்ப்பவர்கள். இணைய உலாவில் இது தலைகீழ். கூகுள் விளம்பரச் சேவையில் 18–24, 25–34 என்று தொடங்கி 65க்கு மேல் என்பது வரை ஆறு வயதுப் பிரிவுகள் உண்டு. வயது தெரியாதவர்களுக்கு ஏழாவதாக ஒன்று. உலா வருவது நாம், பருவம் பிரிக்கப்படுவதும் நாமே. வேடிக்கை பார்ப்பவர் மாடத்தில் எங்கே நிற்கிறார் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

இதையெல்லாம் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள். எங்கே சொன்னார்கள்? தனியுரிமைக் கொள்கை என்ற பக்கத்தில். நம் காலத்தில் அதிகம் பேர் ‘படித்துவிட்டேன், சம்மதம்’ என்று சொல்லும் உரைநடை அதுதான். ஒரு கவிதைத் தொகுப்புக்கு முப்பது பக்க விமர்சனம் எழுதுகிற நாம் இந்த உரைநடையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்கலாம் வாருங்கள்.

இதன் தமிழ் வடிவங்களில் வழக்கமாக வரும் வாக்கியம் இந்த மாதிரி இருக்கும்: உங்கள் அனுபவத்தை மேம்படுத்தத் தகவல்கள் சேகரிக்கப்படலாம், மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்.

முதலில் ‘படு’. செயப்பாட்டு வினை. தமிழ் இயல்பாக அதிகம் விரும்பாத வினை. மாடு திருடு போனால் நம் ஊரில் ‘மாடு திருடப்பட்டது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான்’ என்பார்கள். பெயர் தெரியாவிட்டாலும் ஒரு ‘எவனோ’ அங்கே நிற்பான். கொள்கைப் பக்கத்தின் வாக்கியத்தில் அந்த எவனோகூட இல்லை.

அடுத்தது ‘லாம்’. மழை வரலாம் என்றால் வாய்ப்பு. உள்ளே வரலாம் என்றால் அனுமதி. சேகரிக்கப்படலாம் என்பது இவற்றில் எது? படிக்கும் நமக்கு அது மழை மாதிரிக் கேட்கிறது, நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திய பிறகு அதே சொல் அனுமதியாக மாறிவிடுகிறது. ஒரே விகுதி, அழுத்துவதற்கு முன் ஒரு பொருள், அழுத்திய பின் வேறு பொருள். கடைக்கார அண்ணன் சொன்ன ‘அதுவா வரும்’ இதன் பேச்சு வடிவம். அவர் அறியாமல் சொன்னார். இவர்கள் சட்டம் படித்தவர்களை வைத்து எழுதுகிறார்கள்.

வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று நினைத்தால், ஒரு வழக்கைப் பாருங்கள். குரோம் உலாவியில் ‘மறைநிலை’ என்று ஒரு வசதி உண்டு. கறுப்புத் திரை, தொப்பியும் கண்ணாடியும் போட்ட உருவம். அந்தத் திரையைத் திறந்தால் யாருக்கும் தெரியாது என்று நம்பியவர்கள் நாம் மட்டும் இல்லை. 2020இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். மறைநிலையில் இருக்கும்போதும், மற்ற தளங்களில் உட்கார்ந்திருக்கும் கூகுளின் கருவிகள் தகவல் எடுக்கின்றன என்பது புகார். வழக்கில் சாரமில்லை என்றே கூகுள் சொல்லிவந்தது. 2024இல் சமரசம் ஏற்பட்டது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்த பெருந்தரப்புக்கு இழப்பீட்டுப் பணம் கிடையாது.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. மறைநிலைத் திரையில் இருந்த அறிவிப்பு திருத்தி எழுதப்பட்டது. நீங்கள் போகும் தளங்களும், கூகுள் உட்பட அவை பயன்படுத்தும் சேவைகளும் தகவல் சேகரிக்கும் விதம் இதனால் மாறாது என்ற பொருளில் புது வாக்கியம் வந்தது. ‘கூகுள் உட்பட’. ஒரு எழுவாயை வாக்கியத்துக்குள் கொண்டுவர நான்கு வருட வழக்கு தேவைப்பட்டிருக்கிறது. சின்னமனூர்ப் பெட்டியில் அந்தப் பெண் மறைநிலையைத் திறந்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேன், உண்மைதான். அது அடுத்த நாற்காலிக்காரனிடமிருந்து மறைக்கும் திரை. மாடத்தில் நிற்பவரிடமிருந்து மறைக்கும் திரை இல்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் படிக்காத பெரியவர்கூட ஏமாறாத ஒரு உரைநடை உண்டு. நிலப் பத்திரம். ஒரு செண்ட் வாங்கினாலும் எழுத்தரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்வார்கள். வடக்கே யார் வயல், கிழக்கே எந்த வாய்க்கால் என்று நான்கு எல்லையும் காதால் கேட்ட பிறகுதான் ரேகை வைப்பார்கள். ‘ஆண்டு அனுபவித்து’ என்று அதில் வரும். அங்கே அனுபவம் என்றால் உரிமை. உலாவிக்காரர் மேம்படுத்துவதாகச் சொல்லும் அனுபவத்தில் உரிமை எதுவும் இல்லை, சொகுசு மட்டும்தான்.

ஊரின் பெயரைத் தமிழ் வரலாற்றில் நிறுத்தியதும் ஒரு பத்திரம்தான். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் இராசசிம்மனின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு. மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழாக்கியதையும் சொல்வதால் இலக்கியக்காரர்கள் அதை மேற்கோள் காட்டுவோம். அடிப்படையில் அது நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்த ஆவணம். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பதெல்லாம் செம்பில் இருக்கிறது. ‘கொடுக்கப்படலாம்’ என்று எந்தச் செப்பேடும் பேசாது.

அதற்காக அந்தக் காலத்தைத் தூக்கிக் கொண்டாட நான் வரவில்லை. பாண்டியர் காலச் செப்பேடுகளில் காராண்மை, மீயாட்சி என்று இரண்டு சொற்கள் வரும். உழுது பயிரிடும் உரிமை காராண்மை. அதற்கு மேலே இருந்து ஆளும் உரிமை மீயாட்சி. ஊர் கைமாறும்போது உழுகிற குடிகளிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் இல்லை. தேடுவது, தட்டுவது, எழுதுவது என்று உலாவிக்குள் உழுவதெல்லாம் நாம். விளைச்சலின் மீயாட்சி வேறு எங்கோ இருக்கிறது. ஆயிரம் வருடத்தில் வந்த வித்தியாசம், இப்போது குடிகளிடமும் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான்.

அந்தக் கைநாட்டுக்கு மதிப்பு வர ஒரு வழி திறந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். அரசுக்குப் பெரிய விலக்குகளைத் தரும் சட்டம் இது, அந்தக் குறையை மறைக்க வேண்டாம். ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பு எளிய, தெளிவான மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ அதைப் படிக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று.

அப்படியென்றால் கோடிக்கணக்கான வாக்கியங்கள் தமிழில் எழுதப்படப் போகின்றன. எந்தத் தமிழில்? பழைய ‘படலாம்’ தமிழில் வந்தால், சட்டம் கேட்ட மொழி கிடைத்துவிடும், தெளிவு கிடைக்காது. சோஹோ நிறுவனம் 2023இல் ‘உலா’ என்று தமிழ்ப் பெயரிலேயே ஓர் உலாவியை வெளியிட்டது. ஒன்றிய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025இல் அதற்கு முதல் பரிசு. பின்தொடரும் நிரல்களைத் தடுப்போம் என்பது அதன் வாக்குறுதி. சந்தோஷம்தான். ஆனாலும் பெயர் தமிழ் என்பதற்காக யாருக்கும் சலுகை கிடையாது. யார் எடுக்கிறார், எதை எடுக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார், எத்தனை நாள் வைத்திருப்பார் என்ற நான்கு எல்லையையும் எழுவாயோடு எழுதியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு உலாவியின் வாக்கியத்திலும் பார்க்க வேண்டும். வாக்கியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று நாம்தானே சொல்லிக்கொள்கிறோம்.

அன்று விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு, வரலாற்றை அழிக்கும் இடத்தைத் தேடிப் போய், ‘எல்லாக் காலமும்’ என்று தேர்ந்து அழித்தேன். அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினேன். தினமும் கடை சாத்தும்போது இதைச் செய்யுங்க அண்ணே என்றேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இத்தனை நாளா அதுவா வரலையா?” என்றார்.

“இல்லண்ணே. வச்சிருந்துச்சு.”

“யாரு வச்சது?” என்று கேட்டார். அதுதான் கேள்வி.