வழியை மறிக்கும் எஃகு

ரிச்சர்ட் செர்ராவின் எஃகுச் சிற்பங்களுக்குப் பீடம் கிடையாது. உருவமும் கதையும் கிடையாது. எடை, சாய்வு, வளைவு, அவற்றை ஒட்டி நடக்கும் மனித உடல்: அவர் கையாண்டது இவற்றைத்தான். 1981இல் அமெரிக்க அரசின் பொதுச் சேவை நிர்வாகம் மன்ஹாட்டனின் ஃபெடரல் பிளாசாவில் அவருடைய ‘டில்டட் ஆர்க்’ சிற்பத்தை 1,75,000 டாலர் செலவில் நிறுவியது. 120 அடி நீளம், 12 அடி உயரம், இரண்டரை அங்குலத் தடிமன். சதுக்கத்தின் குறுக்கே வளைந்து, சற்றே சாய்ந்து நின்ற ஒரு துருச்சுவர். ஒருபுறம் நடந்தால் தலைக்கு மேல் கவிழ வருவதுபோலவும், மறுபுறம் நடந்தால் நம்மைவிட்டு விலகுவதுபோலவும் இருக்கும். அதன் கோர்-டென் எஃகில் மேலே படியும் துருவே உள்ளிருக்கும் உலோகத்துக்குக் காப்பு. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் தெரியாதவருக்கு அது கவனிப்பாரற்றுத் துருப்பிடித்த இரும்பாகவே தெரியும்.

இவ்வகைச் சிற்பத்தின் வலிமை, நடப்பவருக்குத் தம் உடலை நினைவூட்டுவது. அலுவலகத்துக்கு விரைபவர் தம் கால்களை மறந்தே நடக்கிறார். எதிரே எழும் எஃகுச்சுவர் அவருடைய வேகத்தையும் திசையையும் அவருக்கே உணர்த்துகிறது. இது வெறும் வாய்ச்சவடால் அல்ல என்பதற்குச் சான்று ஸ்பெயினின் பில்பாவோ நகரில் இருக்கிறது. அங்குள்ள குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 2005இல் முழுமைபெற்ற ‘தி மேட்டர் ஆஃப் டைம்’ தொகுதியிலும் அதே சிற்பி, அதே எஃகு, அதே சாய்வுதான். சுருளும் தகடுகளுக்கிடையே வழி குறுகுகிறது, அகல்கிறது, திடீரென்று ஒரு வெளியில் கொண்டுபோய் விடுகிறது. பார்வையாளர்கள் விரும்பி உள்ளே நுழைகிறார்கள். ஃபெடரல் பிளாசாவிலோ, நிறுவிய ஆண்டிலேயே அகற்றக் கோரி ஏறத்தாழ 1,300 பேர் கையெழுத்திட்டார்கள். ஒரே கலைமொழிக்கு இப்படி இரண்டு எதிர்வினைகள் எழுமானால், மக்களின் ரசனைக் குறைவை மட்டும் காரணமாகக் காட்டமுடியாது.

வேறுபாடு விருப்பத்தில் இருக்கிறது. பில்பாவோவுக்கு வருபவர் தடுமாறத் தயாராகவே வருகிறார். பிளாசாவில் நடப்பவருக்கு அன்றாடம் வேறு வழியில்லை. மதிய உணவுக்கு வெளியே வந்து உட்காரும் ஊழியருக்கு அச்சுவர் வழியையும் பார்வையையும் சேர்த்தே மறித்தது. சாயும் எஃகைக் கண்டு அஞ்சுவதை அறியாமை என்று தள்ளவும் முடியாது. 1971இல் மினியாபொலிஸில் செர்ராவின் வேறொரு படைப்பை நிறுவும்போது தகடு சரிந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சதுக்கத்தின் அளவையும் நடமாட்டத்தையும் கணக்கில் எடுத்தே ‘டில்டட் ஆர்க்’கைப் படைத்ததாகவும், வேறிடம் மாற்றினால் படைப்பே அழிந்துவிடும் என்றும் செர்ரா வாதிட்டார். அந்த வாதத்தை ஏற்றால், அங்கே தினமும் புழங்குபவர்களின் பழக்கவழக்கமும் அந்த இடத்தைச் சேர்ந்ததே என்பதையும் ஏற்கவேண்டும். கணக்கில் விடுபட்டது அதுதான்.

பழகினால் வெறுப்பு தணியும் என்பார்கள். சிகாகோவில் 1967இல் திறக்கப்பட்ட, 50 அடி உயரமும் 162 டன் எடையும் கொண்ட பிக்காசோவின் எஃகுச் சிற்பத்தை முதலில் நகரமே கேலி செய்தது. அதை எடுத்துவிட்டு ஒரு பேஸ்பால் வீரருக்குச் சிலை வைக்கலாம் என்றார் நகர மன்ற உறுப்பினர் ஒருவர். இன்று அது அந்நகரின் அடையாளம். அதன் சரிவான அடித்தளத்தில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். ஆனால் அச்சிற்பம் சதுக்கத்தைத் திறந்தே விட்டது. கண்ணுக்குப் பழகுவது எளிது, தினமும் சுற்றிப்போகும் காலுக்குப் பழகுவது கடினம். மக்களைக் கேட்டே கலை என்றால் அலங்காரப் பொம்மைகள்தான் மிஞ்சும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஆனால் ‘டில்டட் ஆர்க்’கை அகற்றுவது பற்றி 1985இல் நடந்த விசாரணையே அந்த அச்சம் மிகையானது என்று காட்டுகிறது. பேசிய 180 பேரில் 122 பேர் சிற்பம் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். 58 பேர்தான் எதிர்த்தார்கள். அந்த 122 பேரில் கலையுலகத்தினர் பலர் இருந்தது உண்மை. ஆயினும் அகற்றும் முடிவை எடுத்தது மக்கள் கூட்டமல்ல. விசாரணை நடத்திய ஐவர் குழு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அகற்றப் பரிந்துரைத்தது, 1989 மார்ச்சில் அரசு இரவோடிரவாகச் சிற்பத்தைத் துண்டுகளாக்கி எடுத்துச் சென்றது.

ஆகவே அரசு இருமுறை தவறியது: வைக்கும்போது அங்கே புழங்குபவர்களைக் கேட்கவில்லை, கேட்டபோது, பெரும்பாலோர் சொன்னதை மதிக்கவில்லை. நடையைத் தடுத்து நிறுத்துவது இக்கலையின் உயிர் என்பதால், அந்தத் தடையை ஒழித்தால் கலையும் போய்விடும். எனவே எந்தச் சிற்பம் என்பதை வல்லுநர்கள் தீர்மானிக்கட்டும். எந்த வழி திறந்திருக்கவேண்டும், எங்கே உட்கார இடம் வேண்டும் என்பதை அங்கே நடப்பவர்கள் முன்கூட்டியே சொல்லட்டும். அந்த எல்லைக்குள் சிற்பி எவ்வளவு கடுமையான எஃகை நிறுத்தினாலும், அதைப் பொறுத்துப் பார்க்கும்படி பொதுமக்களிடம் கேட்கும் உரிமை அரசுக்கு அதன்பிறகே கிடைக்கும்.