பகடி: சொல்லும் அதன் எல்லையும்

பகடி என்பது ஒருவருடைய பேச்சையோ நடையையோ எழுத்தையோ போலச் செய்து, அதன் வழியாகவே அதை நகைப்புக்கு உள்ளாக்குவது. இன்றைய தமிழ்த் திறனாய்வில் இச்சொல் அங்கதம், எள்ளல், நையாண்டி, கிண்டல் ஆகியவற்றோடு வேறுபாடின்றிப் புழங்குகிறது. சிரிப்பு வரவழைக்கும் எதுவும் பகடி என்று ஆகிவிட்டதால், 'போலச் செய்தல்' என்ற அடிப்படைக் கூறு கண்ணில் படாமல் போகிறது.

சொற்கள்

பிறரைப் பார்த்து நகைப்பதற்குத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. ஏளனம், எகத்தாளம், இளக்காரம் ஆகியவற்றில் கேலி செய்பவர் தம்மை ஒரு படி மேலே வைத்துக்கொள்கிறார். குசும்பு செல்லமாகவும் சொல்லப்படும். நக்கலில் கொஞ்சம் கசப்பு உண்டு. ஆனால் இவற்றில் எதற்கும் போலச் செய்தல் கட்டாயமில்லை. அதைக் குறிக்கும் சொல்லைக் குழந்தைகளின் சண்டையில்தான் தேட வேண்டும். பழிப்புக் காட்டுதல், அழகு காட்டுதல் என்று சொல்வார்கள். முகத்தைக் கோணி, எதிராளி சொன்னதையே இழுத்து இழுத்துத் திருப்பிச் சொல்வது அது. பகடியின் முழு இலக்கணமும் அதில் இருக்கிறது.

அங்கதமும் பகடியும்

தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கிறது. முன்னது வெளிப்படையாகப் பழிப்பது, பின்னது பழியை மறைத்து வைப்பது. பின்னதற்கு அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலை (95) எடுத்துக்காட்டலாம். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் புகழ்வதுபோலச் சொல்கிறார். இங்கே தொண்டைமானைப் போல யாரும் பேசவில்லை. அதனால் இது அங்கதம், பகடி அன்று.

பகடிக்கு ஒரு மூலம் வேண்டும். பாரதியார் முடிக்காமல் விட்ட 'சின்னச் சங்கரன் கதை' ஜமீன் அவைப் புலவர்களின் இரவல் சிருங்காரத்தையும் புகழ்ச்சி நடையையும் எடுத்துக்கொண்டு அவற்றைக் கொண்டே அவற்றைக் கவிழ்க்கிறது. புதுமைப்பித்தனின் 'நாரத ராமாயணம்' காவியத்தின் மிச்சக் கதையைச் சொல்வதுபோலத் தொடங்கி நாட்டு வரலாற்றைச் சீண்டுகிறது. சி. எஸ். அமுதன் இயக்கிய 'தமிழ்ப் படம்' (2010) நாயகனின் அறிமுகக் காட்சி முதல் தமிழ்ப் படங்களின் வழக்கமான காட்சிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நடித்துக் காட்டியது. மூலத்தை அறிந்தவருக்கே இவற்றில் முழுச் சிரிப்பு கிடைக்கும். பகடிக்காரர் தாம் கேலி செய்வதை நன்றாகக் கற்றவராக இருந்தாக வேண்டும். பல நேரங்களில் அதை விரும்பியவராகவும் இருப்பார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனுக்குப் பக்கத்திலேயே நின்று அவனை மடக்கிப் பேசுவதும் இந்த நெருக்கத்தால்தான்.

யாரைப் போலச் செய்வது

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கை நகைக்கு நிலைக்களனாகச் சொல்கிறது. அதற்கு உரை எழுதிய இளம்பூரணர், நகை தோன்றும் இடங்களை அடுக்கும் செயிற்றியம் என்ற நூலின் பகுதியை எடுத்துத் தருகிறார். முடவரின் நடை, பித்தரின் பிதற்றல், ஆரியர் பேசும் தமிழ், கல்லாதவர் பேசும் கல்வி, மெலியவன் பேசும் வலிமை எல்லாம் அதில் ஒரே வரிசையில் நிற்கின்றன. கல்லாதவர் கல்வி பேசுவதில் பாசாங்கு இருக்கிறது, அதைப் போலச் செய்து காட்டினால் பாசாங்கு உடையும். முடவரின் நடையில் உடைப்பதற்கு எதுவும் இல்லை. அந்தப் பட்டியல் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. திக்குவாயையும் அயல்மொழிக்காரரின் தமிழையும் வைத்துப் பல பத்தாண்டுகள் நகைச்சுவை செய்த தமிழ்த் திரைப்படமும் பார்க்கவில்லை. அவற்றையும் 'பகடி' என்று எழுதும் விமர்சகர், 'சின்னச் சங்கரன் கதை'க்கு உரிய பெயரை அவற்றுக்கும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்.

பேராசிரியர் தம் உரையில் எள்ளலை இரண்டாகப் பார்க்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது. இரண்டாவதை இன்றைய விமர்சனம் ஏறக்குறைய மறந்தே விட்டது. அகப்பட்டவராலும் சிரிக்க முடிகிறதா என்பது பகடியை அளக்க நல்ல அளவுகோல்.

பேச்சுவழக்கு இந்த எல்லையைத் திறனாய்வை விடத் தெளிவாகக் கண்டிருக்கிறது. இலங்கைத் தமிழில் பகிடி என்பது அன்றாட வேடிக்கைப் பேச்சு. பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதியவரைத் துன்புறுத்துவதற்கு அங்கே வேறு சொல் உண்டு: பகிடிவதை. இலங்கை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அதைத் தடை செய்தது, தமிழ்நாடு 1997இலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தது. பகிடிவதையில் நடிகரைப் போல ஆடு, ஆசிரியரைப் போலப் பேசு என்று புதியவரை வற்புறுத்துவார்கள். அங்கே போலச் செய்கிறவர் சிரிப்பதில்லை.