நத்தார்க் காதல் படங்கள்

நகரத்தில் வேலை வேலையென்று அலையும் பெண், ஏதோவொரு காரணத்தால் சொந்த ஊருக்குத் திரும்புவாள். அங்கே மூடப்படும் நிலையில் ஒரு பேக்கரியோ விடுதியோ இருக்கும்; அதைக் காப்பாற்ற ஒரு நல்லவன் பாடுபட்டுக்கொண்டிருப்பான். படம் முடியக் கால் மணித்தியாலம் இருக்கையில் ஒரு மனத்தாங்கல். பிறகு பனி, கடைசியில் முத்தம்.

ஹோல்மார்க் தொலைக்காட்சி 2009 முதல் ஒவ்வொரு நத்தாருக்கும் இந்தக் கதையைத்தான் விதவிதமாகச் சொல்கிறது. பல படங்கள் கனடாவில், கோடை வெயிலில், இரண்டு மூன்று கிழமைக்குள் எடுக்கப்படுபவை. பனி செயற்கை, கம்பளி உடுப்புக்குள் நடிகர்கள் வியர்த்துக்கொண்டு நிற்பார்கள். பொரளையில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, றிச் கேக் துண்டோடு பார்க்கும் எங்களுக்கு அது எவ்வளவு நெருக்கம்! நெற்ஃபிளிக்ஸின் ‘எ கிறிஸ்மஸ் பிரின்ஸ்’ (2017) காட்டும் அல்டோவியா நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. அதன் அரண்மனை ருமேனியாவில் இருக்கிறது.

முடிவு தெரிந்திருப்பதால் சுவை குறைவதில்லை. கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கும் கதை தெரியும்; இம்முறை எப்படி ஆடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். அவன் நீட்டும் கொக்கோக் கோப்பையை அவள் எவ்வளவு தயங்கி வாங்குகிறாள் என்பதிலேயே நல்ல நடிகையைக் கண்டுகொள்ளலாம்.