கடன், ஆகாரம், வெள்ளிப்பணம்: பேராக் தோட்டப்புறக் கிறித்தவ வழிபாட்டுத் தமிழ் குறித்து

மலேசியத் தமிழிலக்கிய ஆய்வில் தோட்டப்புறம் என்றவுடன் நாவல், சிறுகதை, நாட்டார் பாடல் ஆகியவையே முன்வந்து நிற்கின்றன. தோட்ட மக்களுள் ஒரு சாரார் நாள்தோறும் வாய்விட்டுச் சொன்ன மன்றாட்டுகளும் ஞாயிறுதோறும் கேட்ட உவமைகளும் தமிழ்ப் பனுவல்களே என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. சமய நூல் என்று ஒதுக்கிவைப்பது எளிது. ஆனால், எழுத்தறிவு குறைந்திருந்த ஒரு சமுதாயத்தில் மனப்பாடமாக நின்ற உரைநடை இதுவே எனின், திறனாய்வாளன் இதனைத் தவிர்த்துச் செல்வதற்கு நியாயமில்லை. வறுமைக் காலத்தில் விசுவாசம் எவ்வாறு காக்கப்பட்டது என்னும் வினாவை இறையியலாரிடம் விட்டுவிட்டு, அக்காலத்தில் அம்மக்கள் கையிலிருந்த சொற்கள் எவை என்பதை மட்டும் இக்கட்டுரை நோக்குகிறது.

பேராக் மாநிலத்தில் தமிழ்க் கிறித்தவர்களின் குடியேற்றம் இரப்பருக்கு முற்பட்டது. கிரியான் வட்டாரத்துப் பாகான் செராயில் பிரெஞ்சுக் குருவானவர் ரெனே பீ தமிழ்க் கத்தோலிக்கருக்கென வேளாண் குடியிருப்பொன்றை நிறுவினார். இவரே 1896இல் மலாக்கா ஆயரானவர். பின்னர் இரப்பர்த் தோட்டங்களும் இரயில்வேயும் மேலும் பலரைக் கொண்டுவந்தன. ஈப்போவின் சிலிபின் பகுதியில் உள்ள லூர்து மாதா ஆலயம் அவ்வகையில் வளர்ந்த தமிழ்ப் பங்குகளுள் ஒன்று. ஆண்டுதோறும் சூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பேராக்கிலிருந்து தமிழர் திரண்டு செல்வது இன்றும் காணத்தக்கது. இவை தவிர மெதடிஸ்து, லுத்தரன் சபைகளைச் சார்ந்த தமிழரும் உளர். இப்பிரிவு வேற்றுமை இக்கட்டுரைக்கு வேறொரு காரணத்தால் முதன்மை பெறுகிறது. இவ்விரு மரபினரும் ஒரே மன்றாட்டை வெவ்வேறு தமிழில் சொல்லி வந்தனர்.

இயேசு கற்பித்த செபத்தில் ஓரிடம் இதற்குச் சான்று. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் வருவது, ஒருவன் மற்றொருவனுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதைக் குறிக்கும் சொல். சீர்திருத்தச் சபையினரின் தமிழ் வேதாகமம் இதனைக் 'கடன்' என்றே பெயர்த்தது. மன்னிக்கப்பட வேண்டிய அயலானைக் 'கடனாளி' என்றது. கத்தோலிக்க மரபில் 'பாவம்', 'குற்றம்' என்னும் சொற்களே வழங்கி வந்துள்ளன. 1995இல் இரு சபையினரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' மொழிபெயர்ப்பும் 'குற்றம்' என்பதையே ஏற்றது. பொருள் விளக்கம் என்னும் நோக்கில் இது தவறன்று. லூக்கா நற்செய்தியிலேயே முற்பகுதியில் 'பாவம்' என்னும் சொல் வந்துவிடுகிறது. எனினும், தமிழில் 'கடன்' என்பது வெறும் பணச்சொல் அன்று. புறநானூற்றில் அது கடமை. அப்பர் தேவாரத்தில் தொண்டு. இறந்தோர்க்குச் செய்யும் நீர்க்கடனிலும் அச்சொல்லே நிற்கிறது. கடமையும் கொடுக்கல் வாங்கலும் ஒரே சொல்லில் உறையும் இம்மொழியில் மூலத்தின் இருபொருளை இழக்காமல் தரும் வாய்ப்பு இயல்பாகவே அமைந்திருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வசதி இல்லை.

இச்சொல்லைத் தோட்டத்தில் நின்று கேட்க வேண்டும். இந்தியர்க்கான ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1907இல், தமிழ்க் குடிபெயர்வு நிதி ஏற்பட்டு, பயணச் செலவைத் தொழிலாளியின் தலையில் கடனாகக் கட்டும் வழக்கம் தளர்த்தப்பட்டது. சட்டத்தில் கடன் போயிற்று, வாழ்க்கையில் போகவில்லை. கடைப்பற்று இருந்தது, கங்காணியிடம் வாங்கிய கைமாற்று இருந்தது. மாதச் சம்பளம் கிராணியின் மேசையைக் கடந்து வீடு வருமுன் பற்றுப் புத்தகத்தில் கரைவதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அறிவர். இவர்கள் வாயில் 'கடனாளி' என்னும் சொல் உருவகமாக இருந்திருக்க முடியாது. அதே வேளையில், அச்சொல் அவர்களை அடங்கியிருக்கச் செய்தது என்று வாதிடுவோரும் உண்டு. எல்லாரும் கடனாளிகள் என்றால் கடன் கொடுத்தவன்மேல் குறை சொல்ல இடமேது என்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், அம்மன்றாட்டின் தொடரமைப்பு கடன் வாங்கியவனை மட்டும் குனியச் செய்வதாக இல்லை. பிறர் கடனை விட்டுக்கொடுப்பதைத் தனக்கான மன்னிப்போடு கட்டுகிறது. அதை வரவு வைத்திருந்தவனும் சொல்லியாக வேண்டும்.

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் இரக்கமற்ற ஊழியனின் உவமையில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. பதினாயிரம் தாலந்து தள்ளுபடி செய்யப்பட்டவன், தனக்கு நூறு காசு தரவேண்டியவனின் கழுத்தை நெரிக்கிறான். பழைய மொழிபெயர்ப்பு அந்நூறு காசை 'வெள்ளிப்பணம்' என்றது. 'திருவிவிலியம்' அதனைத் 'தெனாரியம்' என்று மாற்றியது. ஆராய்ச்சி நோக்கில் தெனாரியமே சரி; அது உரோமை நாணயம், ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரியம் எனக் கொண்டால் முதற்கடன் ஆறு கோடி நாட்கூலி ஆகும். ஆனால், மலாயாத் தமிழருக்கு 'வெள்ளி' என்பது அன்றாட நாணயத்தின் பெயர். 1920களின் பிற்பகுதியில் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் ஆண் தொழிலாளியின் நியமக் கூலி நாளொன்றுக்கு 50 சென். அக்கணக்கில் நூறு வெள்ளி இருநூறு நாள் உழைப்பு. 1930இல் அக்கூலி 40 சென்னாகக் குறைக்கப்பட்டபோது அதே நூறு வெள்ளி இருநூற்றைம்பது நாளாயிற்று. உவமையில் சிறு தொகையாகக் காட்டப்படுவது தோட்டத்தில் சிறு தொகையன்று. மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்த்திராத இப்பொருள் நாணயப் பெயர் ஒன்றின் தற்செயலால் உவமைக்குள் நுழைந்துவிடுகிறது. இத்தகைய தற்செயல்களையும் பனுவலின் வரலாறாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

அக்காலத்துச் சரிவின் அளவை நினைவுகூர்வது நன்று. இலண்டன் சந்தையில் 1925இல் ஒரு இறாத்தல் நான்கு சில்லிங்கைத் தாண்டிய இரப்பர் 1932இல் இரண்டு பென்சு அளவுக்கு வீழ்ந்தது. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலையில் நீடிப்பவர் யார், கப்பலேறுவோர் யார் என்பது நிருவாகத்தின் முடிவு. திராட்சைத் தோட்டத்தில் நாள் முடியும் நேரத்தில் அழைக்கப்பட்டவனுக்கும் முழுக் கூலி கொடுத்த எசமானனின் உவமையை, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படாமல் நின்றவன் எப்படிக் கேட்டிருப்பான்? வயிறு நிறைந்தவர்க்கு அவ்வுவமை அருளைப் பற்றியது. வேலையற்றவர்க்கு, ஒருவன் நாள் முழுதும் நின்றது சோம்பலால் அன்று என்பதை ஒரு முதலாளியே ஒப்புக்கொண்ட செய்தி அது. இவ்விரண்டாம் வாசிப்பைச் சபையின் விளக்கவுரைகள் போதிய அளவு வளர்க்கவில்லை.

இனி இலக்கியப் பக்கம் வருவோம். துன்பத்தில் உறுதி என்றவுடன் தமிழ்க் கிறித்தவ ஆய்வாளர் எடுத்துக்காட்டுவது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894). ஜான் பனியனின் நூலைத் தழுவிய இக்காப்பியத்தில் விசுவாசம் ஒரு பயணம். நாச நகரை விட்டுப் புறப்படுவதே மீட்பின் தொடக்கம். கவிதைச் சிறப்பில் குறை கூற இடமில்லை. ஆயினும், இவ்வுருவகம் தோட்டத்துக்கு எளிதில் பொருந்துவதில்லை. யாத்திரிகன் தானே புறப்படுகிறான். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், வீட்டைக் காலி செய்து புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் போனவர்கள் அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் விட்டுச் சென்றது நாச நகருமன்று. பெற்றோரைப் புதைத்த மண் அது.

இவ்விடத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையே நமக்கு நெருங்கியவராகிறார். கத்தோலிக்கராகிய அவர் 1876-78 பெரும் பஞ்சத்தின்போது தம் பொருளைக் கொடுத்து ஏழைகளுக்கு உணவளித்தவர். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாராட்டிப் பாடினார். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களில் (1878) பஞ்சம் பற்றியவை, பொறுமையைப் போதிக்காமல் இறைவனிடம் முறையிடுகின்றன. எச்சமயத்தாரும் பாடத்தக்க பொதுப்பெயரால் கடவுளை அழைப்பதும் கருதத்தக்கது. பசி தனிச் சபைக்குரியதன்று என்பதை அறிந்த கவிஞரின் தேர்வு அது. மாரியம்மன் கோயிலும் சிற்றாலயமும் ஒரே தோட்டத்து எல்லைக்குள் நின்ற சூழலில் இக்கீர்த்தனைகள் நம் பாடத்திட்டங்களில் இடம்பெறாமற் போனது வருந்தத்தக்கது. விசுவாசம் என்பதை முறையிடாமை என்று குறுக்கிவிட்ட வாசிப்பே இதற்கு ஒரு காரணம் எனத் தோன்றுகிறது. திருப்பாடல்களிலும் யோபு ஆகமத்திலும் முறையீடு விசுவாசத்துக்கு எதிரானதாகக் கருதப்படவில்லை.

1985 அக்டோபரில் இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டதும் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. 1997-98இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. இக்காலத்தை ஒட்டி உலகெங்கும் பரவிய வளமைப் போதனை தமிழ் மேடைகளையும் விட்டுவைக்கவில்லை. அதன் மொழியில் 'ஆசீர்வாதம்' என்பது வீடு, வாகனம், பதவி உயர்வு என்னும் பொருள்களுக்குச் சுருங்கியது. காணிக்கை விதை என்றும் பெருக்கம் அறுவடை என்றும் பேசப்பட்டன. வேலை இழந்தவன் இம்மொழிக்குள் விசுவாசக் குறைவுடையவனாகவே நிற்க முடியும். பழைய செபத்திலோ, கேட்கப்படுவது அன்றைக்கு வேண்டிய 'ஆகாரம்' மட்டுமே. பாலஸ்தீனத்து அப்பத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லால் பொதுமைப்படுத்தியது அரிய தேர்வு. அதில் அரிசியும் அடங்கும், மரவள்ளிக்கிழங்கும் அடங்கும். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் மரவள்ளியால் உயிர் காத்த தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியிருந்திராது.