மாண்டோரும் ஆள்வோரும்: பேர்லின் நினைவகம் ஒன்று

மாண்ட வீரர் பேசார். அவர் பெயரால் ஆள்வோரே பேசுவர். துயரத்துக்குரிய நினைவு பிரசாரக் கருவியாகும் வகையைப் பேர்லின் மாநகரின் ‘நொயே வாகே’ என்னும் கட்டிடம் நன்கு புலப்படுத்தும்.

சிங்கெல் என்பார் வகுத்த அமைப்பில் 1818இல் அரச காவல்மனையாக எழுந்த இது, 1931இல் தெசனோ என்னும் கட்டிடக் கலைஞரால் முதலாம் உலகப் போரில் மாண்டோர்க்கு நினைவகமாக்கப்பட்டது. வெறுமையான ஓர் அறை, நடுவே கருங்கல், அதன்மீது ஓக் இலை மாலை, மேலே வட்டத் திறப்பு, அதன்வழி வீழும் ஒளி. அவ்வளவே. அவ்வறை புகழ் பாடவில்லை. காண்போரை மௌனத்தில் நிறுத்தியது. அதன் சிறப்பும் அதுவே, குறையும் அதுவே. பேசாத கல்லைப் பிறர் பேசவைத்தல் எளிதன்றோ?

1933இல் ஆட்சியேறிய நாசிகள் கட்டிடத்தைப் பெரிதும் மாற்றவில்லை. நாளின் பெயரையே மாற்றினர். ‘மக்கள் துயர் நாள்’ 1934இல் ‘வீரர் நினைவு நாள்’ ஆயிற்று. அரைக்கம்பத்துக் கொடி முழுக்கம்பம் ஏறிற்று. துயரம் இழப்பை எண்ணுவது. வீரவழிபாடோ இழப்பை மறைத்து அடுத்த தலைமுறையை அவ்வழியே அழைப்பது. 1935 மார்ச்சு 16இல் கட்டாய இராணுவ சேவை அறிவிக்கப்பட்டது. மறுநாள் வீரர் நினைவு நாள். 1936 மார்ச்சு 7இல் றைன்லாந்தினுள் படை புகுந்தது. மறுநாள் மீண்டும் அந்நாளே. இங்ஙனம் மாண்டோர் புதிய போருக்கு ஆள்சேர்ப்போராயினர். ஜேர்மனிக்காக உயிர்நீத்த ஏறத்தாழ 12,000 யூத வீரரோ அப்பெருமைக்கு உரியரல்லர் என ஒதுக்கப்பட்டனர்.

1960இல் கிழக்கு ஜேர்மனிய அரசு இதனைப் பாசிசத்துக்கும் இராணுவவாதத்துக்கும் பலியானோர் நினைவகமாக்கிற்று. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், உள்ளே அரசின் இலச்சினை இடம்பெற்றது. வாயிலில் காவற்படையினர் கால்வீசி அணிநடை பயின்றனர். இராணுவவாதத்தைக் கண்டிக்கும் வாயிலில் இராணுவ அணிநடை! முரண் வெளிப்படை.

1993இல், இறந்த மகனை மடியில் தாங்கும் தாயின் சிற்பம் அங்கே வைக்கப்பட்டது. அதன் மூலத்தை வடித்த கெதே கொல்விற்ஸ் 1914இல் தம் மகனைப் போரில் இழந்தவர். ‘போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர்க்கு’ என்னும் அர்ப்பணத்தில் கொன்றோரும் கொல்லப்பட்டோரும் ஒன்றாவர் எனப் பலர் கண்டித்தனர். கண்டனம் நியாயமானதே; பலியானோர் யாவரென விரித்துரைக்கும் பலகையும் பின் சேர்க்கப்பட்டது. எனினும் ஒன்று உண்மை: அத்தாயைக் காட்டி எவரும் இளைஞரைப் போருக்கு அழைத்தல் அரிது.

நினைவுச்சின்னத்தின் தரத்தை அதன் பெருமிதத்தால் அளத்தல் தகாது. இழப்பை இழப்பாகவே காட்டுகின்றதா என்பதே உரைகல்.