பெயரும் குறியும்: ஆவணப் பண்புகளைத் தமிழாக்குதல் பற்றி

திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. முதல் தொகுதியைப் பதிப்பித்தவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. இக்கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. இத்தகையவற்றைக் கணினியில் ஏற்றுவோர் ஒவ்வோர் ஆவணத்தோடும் அதன் மொழி, காலம், இடம் முதலிய பண்புகளையும் பதிதல் வேண்டும். இவையே மீதரவு எனப்படும். நிரல், ஒவ்வொரு பண்பையும் அதன் பெயரைக் கொண்டே எடுக்கிறது. அப்பெயரையும் தமிழாக்க வேண்டும் என்னும் கருத்து ஆராயத்தக்கது.

மக்கள் வழக்கில் பெயர் பொருளால் உணரப்படும். 'ஆசிரியர்', 'படைத்தவர்' என்பன ஓரிடத்தில் ஒன்றற்கொன்று நிற்கும். நிரலோ எழுத்து வரிசையை மட்டுமே ஒப்பிடும். வேர்டு செயலி திரையில் 'ஆத்தர்' எனக் காட்டும் பண்பு, கோப்பினுள் டப்ளின் கோர் தரத்தின்படி 'கிரியேட்டர்' என்றே பதிவாகிறது. முன்னது சொல், பின்னது குறி. சொல்லை மொழிபெயர்க்கலாம், குறியை மாற்றினால் தொடர்பு அறும்.

தமிழ்க் குறிக்கு மற்றோர் இடரும் உண்டு. 'மொழி' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும், எகர, ஆகாரக் குறிகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத நிரலுக்கு வெவ்வேறு. பிழைச் செய்தி வாராது வெற்று விடை மட்டும் வருமாயின், திருப்பதியில் தமிழ்க் கல்வெட்டே இல்லை என ஆய்வாளர் முடிவுசெய்ய நேரும்.

குறி நிலைத்திருக்க வேண்டுவதற்கு இடப்பண்பும் சான்றாகும். திருமலை 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்திலும், பின்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும் இருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. பழைய பதிவில் 'சித்தூர்' என்றிருப்பது பிழையன்று, அக்கால உண்மை. மதிப்பு மாறும், ஆதலின் அதற்குரிய ஆண்டும் உடன் பதியப்பெற வேண்டும். பண்பின் குறி மாறலாகாது.

எனவே மொழிபெயர்ப்பாளர்க்குரிய இடம் திரைப்பெயரே. அதுவும் எளிய பணியன்று. கல்வெட்டுக்குக் 'கிரியேட்டர்' யார்? கொடை அளித்தவரா, வாசகம் எழுதியவரா, கல்லில் வெட்டியவரா? 'ஆசிரியர்' என்னும் ஒரு சொல் மூவரையும் மறைத்துவிடும். குறியை மாற்றும் முயற்சியை விடுத்து, இவ்வினாவிற்கு விடை காண்பதே தமிழுக்குப் பயன் தரும்.