பெயர் சுட்டா மேற்கோளும் மின்னூலகத் தேடலும்: வைணவ உரைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வைணவ உரையாசிரியர்கள் முன்னோர் கருத்தை எடுத்தாளும் முறை, நூற்பெயர், ஆசிரியர் பெயர் என்னும் இரண்டு அடையாளங்களுக்குள் அடங்குவதில்லை. அவ்விரண்டை மட்டும் கொண்டு பகுக்கும் மின்னூலகம் உரைமரபின் ஒரு பகுதியைக் கண்ணுக்குப் புலப்படாததாக்கும் என்பதை, ஈடு, பெரியாழ்வார் திருமொழி உரை ஆகிய இரண்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

1. மேற்கோளாக மட்டும் வாழும் உரை

திருவாய்மொழிக்கு நம்பிள்ளை நிகழ்த்திய விரிவுரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தினார். அதுவே முப்பத்தாறாயிரப்படி எனப்படும் ஈடு. ஆளவந்தார், எம்பெருமானார், பட்டர், நஞ்சீயர் முதலியோர் சொன்ன பொருள்கள் அதில் ‘நிர்வாகம்’ என்னும் பெயரால் எடுத்தாளப்படுகின்றன. இவர்களுள் ஆளவந்தார் திருவாய்மொழிக்கு உரைநூல் எழுதியவர் அல்லர். அவர் பெயரைக் கொண்டு நூற்பட்டியலில் தேடுவோருக்கு ஸ்தோத்திர ரத்தினம் போன்ற வடமொழி நூல்கள் கிட்டும். ஈட்டினுள் உறையும் அவரது தமிழ் விளக்கம் கிட்டாது.

பாசுரங்களையும் வடமொழி வாக்கியங்களையும் காட்டும்போதும், முதற்சில சொற்களைக் கூறி ‘என்கிறபடியே’, ‘என்னக்கடவதிறே’ என முடிப்பது உரைவழக்கு. கேட்போருக்கு மூலம் மனப்பாடம் என்பதே இதன் அடிப்படை. மணவாள மாமுனிகள் (1370–1443) ஈட்டுக்குப் பிரமாணத் திரட்டுத் தொகுத்ததை நோக்க, அவர் காலத்திலேயே அவ்வடிப்படை தளர்ந்துவிட்டது எனக் கருத இடமுண்டு. சொற்றொடர்த் தேடலும் இங்கு முழுமையாக உதவாது. சந்தி பிரித்த பதிப்பும் பிரிக்காத பதிப்பும், கிரந்த எழுத்தும் அதற்கீடான தமிழெழுத்தும் கணினிக்கு வெவ்வேறு சொற்களே.

2. இரு கைகளால் அமைந்த உரை

திருவில்லிபுத்தூரில் அவதரித்த பெரியாழ்வார் பாடிய திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை உரை வரைந்தார். அதன் பெரும்பகுதி செல்லுக்கு இரையாயிற்று. இழந்த பகுதிக்கு மட்டும் மாமுனிகள் புதிதாக உரை எழுதி, முன்னவர் உரை எஞ்சிய இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்பது மரபு. முழுமைக்கும் தாமே எழுதியிருக்கலாம், எழுதவில்லை. முன்னோர் வாக்கை மாற்றாமல் விடுவதும் மேற்கோள் ஆட்சியின் ஒரு வகை என இதனைக் கொள்ளலாம்.

இவ்வுரையை ஒரே ஆசிரியர் பெயரில் மின்னாக்கம் செய்தால், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளி மறைந்துபோகும். பதினைந்தாம் நூற்றாண்டு நடையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குரியதாகக் கணக்கிடும் பிழையும் நேரும். சொல்லாட்சி வரலாறு எழுதுவோருக்கு இது சிறு பிழையன்று.

3. முடிவுரை

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் மூலநூல்கள் எளிதில் கிடைக்கின்றன. அடுத்து வேண்டுவது உரைகளின் உள்ளடுக்குகளைக் குறியிடுவதாகும். ஒவ்வொரு மேற்கோளுக்கும் சொன்னவர், ஏடுபடுத்தியவர், மூலவிடம் என்னும் மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். உரையாசிரியர் மாறும் எல்லையும் சுட்டப்பட வேண்டும். இப்பணிக்குரிய முன்மாதிரியைப் பிரமாணத் திரட்டிலேயே காணலாம்.